ஆப்பெழுத்தில் ஓர் உறவுமொழி: அக்காதியக் கல்வியும் அரபு இலக்கணமும்

அல்மாயிதா அத்தியாயத்தின் 45ஆம் வசனம், தவ்ராத்தில் விதிக்கப்பட்டிருந்த கிஸாஸ் சட்டத்தை எடுத்துரைக்கும்போது ஐந்து சொற்களை அடுத்தடுத்து வைக்கிறது: நஃப்ஸ் (உயிர்), ஐன் (கண்), அன்ஃப் (மூக்கு), உதுன் (காது), ஸின் (பல்). அரபுக் கல்லூரியில் முதலாண்டு மாணவனும் அறிந்த சொற்கள் இவை. இந்த ஐந்துக்கும் உடன்பிறந்த சொற்கள், திருக்குர்ஆன் அருளப்படுவதற்கு ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே இராக் நாட்டின் களிமண் பலகைகளில் எழுதப்பட்டுவிட்டன. நபிஷ்தும், ஈனும், அப்பும், உஸ்னும், ஷின்னும் என்பன அவற்றின் வடிவங்கள். இறுதியில் நிற்கும் 'உம்' என்பது வேற்றுமை உருபு. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் உறவு தானே தெரியும். மூக்கைக் குறிக்கும் சொல்லில் மட்டும் நூன் அடுத்த மெய்யில் கரைந்து 'அன்ப்' என்பது 'அப்ப்' ஆகியிருக்கிறது. நூன் இவ்வாறு இத்காம் ஆவது நமக்குப் புதிதன்று.

இச்சொற்களுக்குரிய மொழி அக்காதியம். ஸெமித்திய மொழிகள் என்று வழங்கும் குடும்பத்தில் எழுத்தில் பதிவான மொழிகளுள் மூத்தது அதுவே. கி.மு. 2600ஐ ஒட்டிய சுமேரியப் பலகைகளில் அக்காதிய ஆட்பெயர்கள் தென்படுகின்றன. ஸர்கோன் மன்னன் நிறுவிய அரசின் காலத்தில், அதாவது கி.மு. 24ஆம் நூற்றாண்டிலிருந்து, அது ஆட்சிமொழியாக நிலைபெற்றது. பின்னர் தெற்கே பாபிலோனியம், வடக்கே அஸ்ஸிரியம் என இரு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபிர்அவ்ன்களும் ஷாம் நாட்டுச் சிற்றரசர்களும் தமக்குள் கடிதம் எழுதிக்கொண்டது இம்மொழியில்தான். பிற்காலத்தில் ஆராமி மொழி மக்கள் வாழ்வில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கோயில்களிலும் வானியல் கணிப்பாளரிடமும் மட்டும் எஞ்சிய அக்காதியம், கி.பி. 75ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்ட ஓரிரு வானியல் பலகைகளோடு மறைந்துபோனது.

கூஃபா நகருக்கும் பாபிலின் இடிபாடுகளுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே நஹ்வு ஆசிரியர்கள் அரபின் விதிகளை வகுத்துக்கொண்டிருந்த ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், அந்த இடிபாடுகளுக்குள் கிடந்த மொழியைப் படிக்க உலகில் எவரும் இல்லை. வாய்ப்பு இருந்த இடங்களில் நம் முன்னோர் மொழி உறவுகளைக் கவனிக்கத் தவறியதில்லை. கன்ஆனியரின் மொழி அரபுக்கு நெருக்கமானது என்று கலீல் பின் அஹ்மத் தம் கிதாபுல் ஐனில் குறித்திருக்கிறார். அரபு, இப்ரானி, ஸுர்யானி ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒரே மொழியாக இருந்தவை என்பது அந்தலுஸ் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களின் கருத்து. ஐரோப்பாவில் 'ஸெமித்திய' என்ற பெயர் சூட்டப்பட்ட 1781ஆம் ஆண்டுக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே சொல்லப்பட்டது இது. அவர்கள் கைக்கு எட்டாமற்போனது அக்காதியம் ஒன்றே.

அது எட்டாமற்போனதற்கு எழுத்து முறையும் ஒரு காரணம். நாணல் குச்சியின் முனையை ஈரக் களிமண்ணில் அழுத்தினால் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் கூர்ந்தும் ஒரு தடம் விழும். அத்தடங்களின் சேர்க்கையே எழுத்து. தமிழில் ஆப்பெழுத்து என்கிறோம். அரபியர் 'அல்கத்துல் மிஸ்மாரீ', அதாவது ஆணியெழுத்து என்பர். இம்முறையை உருவாக்கியவர்கள் அக்காதியர் அல்லர், சுமேரியர். சுமேரிய மொழிக்கும் ஸெமித்திய மொழிகளுக்கும் எவ்வித உறவும் இல்லை. முற்றிலும் வேறான ஒரு மொழிக்கென்று பிறந்த எழுத்தை அக்காதியர் தம் மொழிமீது போர்த்திக்கொண்டனர். எனவே ஒரே குறி சில இடங்களில் அசையொலியாகவும், சில இடங்களில் முழுச் சொல்லாகவும், வேறு சில இடங்களில் ஒலிக்கப்படாமல் பொருளின் வகையை மட்டும் காட்டும் சுட்டாகவும் நிற்கும். விண்மீன் வடிவில் தொடங்கிய ஒரு குறியை எடுத்துக்கொள்வோம். அதை 'அன்' என்ற அசையாகப் படிக்கலாம். வானம் என்றும் படிக்கலாம். 'இலும்' (இலாஹ் என்பதன் உறவுச்சொல்) என்றும் படிக்கலாம். ஒரு பெயருக்கு முன் நின்றால், 'வருவது தெய்வப் பெயர்' என்று அறிவித்துவிட்டு அது வாய் திறக்காமல் இருந்துவிடும். எது எங்கே என்பதை இடம் நோக்கித்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒலிகளிலும் இழப்பு நேர்ந்தது. சுமேரியரோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்ததாலோ என்னவோ, அக்காதியர் நாவிலிருந்து ஐன், ஃகைன், ஹா ஆகிய தொண்டை ஒலிகள் மறைந்துவிட்டன. சுமேரிய எழுத்திலும் அவற்றுக்கு இடமில்லை. அரபுத் தமிழை அறிந்த நம் வாசகர், தமிழ் ஒலிகளைத் தாங்குவதற்காக அரபு எழுத்துக்களுக்குப் புதுப் புள்ளிகள் இடப்பட்டதை நினைவுகூரலாம். அக்காதியர் அத்தகைய முயற்சியைப் பெரிதாக மேற்கொள்ளவில்லை. ஆயினும் மறைந்த எழுத்து தடயம் விடாமல் போகவில்லை. ஐனும் ஹாவும் இருந்த இடங்களில் பக்கத்து உயிரொலி 'அ' என்பது 'ஏ'யாகத் திரிந்தது. பஅல் (உரிமையாளர்) என்பது பேலும் ஆயிற்று. கருணையையும் கருப்பையையும் குறிக்கும் ரஹ்ம், ரேமும் ஆயிற்று. அரபு தெரிந்தவர் இந்த 'ஏ'யைக் கண்டவுடன் இங்கே ஒரு ஹல்கு எழுத்து புதைந்திருக்கிறது என்று ஊகித்துவிடலாம். ஐரோப்பிய மாணவர் இதை அட்டவணை போட்டு மனனம் செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வெழுத்தை மீண்டும் படிக்கவைத்த கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆயினும் அதில் அரபுக் கல்விக்கு இருந்த பங்கு அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. 1765இல் டென்மார்க் அரசின் பயணக் குழுவைச் சேர்ந்த கார்ஸ்டன் நீபூர், பாரசீகத்தின் பெர்ஸிபோலிஸ் இடிபாடுகளிலிருந்த கல்வெட்டுகளைத் துல்லியமாகப் படியெடுத்தார். 1802இல் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் குரோட்டஃபெண்ட் அவற்றுள் பழம்பாரசீகப் பகுதியிலிருந்து தாரா முதலிய மன்னர்களின் பெயர்களைப் பிரித்தெடுத்தார். 'இன்னாரின் மகன், மன்னாதி மன்னன்' என்ற பட்ட வரிசை இருக்க வேண்டும் என்ற துப்பு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? ஸாஸானிய மன்னர்களின் கல்வெட்டுகளைப் படித்துக் காட்டியிருந்த ஸில்வெஸ்தர் தெ ஸாஸியிடமிருந்து. அவரோ ஐரோப்பாவில் அரபு இலக்கணக் கல்விக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சுப் பேராசிரியர்.

பிஹிஸ்தூன் மலையின் செங்குத்துப் பாறையில் தாரா மன்னன் மூன்று மொழிகளில் செதுக்கவைத்த பெருங்கல்வெட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலராக இந்தியாவுக்கு வந்து பின்னர் பாரசீகம் சென்ற ஹென்றி ராலின்ஸன் படியெடுத்தார். அதன் பாபிலோனியப் பகுதி எவரும் ஏற முடியாத இடத்தில் இருந்தது. 1847இல் ஒரு குர்திஷ் சிறுவன்தான் பாறை இடுக்குகளில் முளையடித்துத் தொங்கியபடி ஈரத்தாளில் அதன் அச்சைப் பதித்துக் கொடுத்தான். அவன் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. அப்பகுதியில் 'நான்' என்பதற்கு 'அனாக்கு' என்ற சொல் வருவதைக் கண்டபோது, இம்மொழி அரபுக்கும் இப்ரானிக்கும் சகோதரி என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற்போயிற்று. அதன்பின் பொருள் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஆய்வாளர் முதலில் புரட்டியவை இப்ரானி அகராதியும் அரபு அகராதியுமே. அயர்லாந்தில் ஒரு சிற்றூரின் தேவாலயப் போதகராக இருந்த எட்வர்ட் ஹிங்க்ஸ் இத்துறையில் ராலின்ஸனுக்குச் சற்றும் குறைந்தவர் அல்லர். என் மதிப்பீட்டில் ஒருபடி மேலானவர் என்றே சொல்லலாம். 1857இல் லண்டன் ராயல் ஆசியக் கழகம், புதிதாகக் கிடைத்த ஓர் அஸ்ஸிரியக் கல்வெட்டை ராலின்ஸன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பெர்ட் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் கலக்காமல் மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறையில் தரச்செய்தது. உறைகளைப் பிரித்தபோது நான்கும் முக்கியக் கருத்துகளில் ஒத்திருந்தன. பல்கலைக்கழகப் பாடமாக அக்காதியம் நிலைபெறுவதற்கு வழி அன்று திறந்தது.

இன்று ஒரு பல்கலைக்கழகத்தில் அக்காதியம் கற்கச் சேரும் மாணவர் பெரும்பாலும் பழைய பாபிலோனியம் எனப்படும் கி.மு. 18ஆம் நூற்றாண்டை ஒட்டிய நடையிலிருந்து தொடங்குகிறார். ஆப்பெழுத்தை முதல் நாளே கையில் கொடுப்பதில்லை. ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதிய வாக்கியங்களைக்கொண்டு இலக்கணம் கற்பிக்கப்படும். குறிகள் வாரத்துக்குச் சில என்று சேர்ந்துகொண்டே வரும். பொதுப்பட்டியலில் 600க்கு மேற்பட்ட குறிகள் உண்டு. ஆயினும் இக்காலத்துப் பனுவல்களுக்கு 150 முதல் 200 வரை போதும். சில மாதங்களிலேயே ஹம்முராபியின் சட்டங்களில் எளிய பிரிவுகள் பாடமாக வந்துவிடும். வாக்கியங்கள் குறுகியவை. எல்லாம் 'ஷும்ம' (ஆல், எனில்) என்ற சொல்லில் தொடங்கி ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே மொழி பயில இதைவிட வசதியான நூல் இல்லை. பிறகு கடிதங்கள், மன்னர்களின் கல்வெட்டுகள், கில்காமிஷ் காவியம் என்று பாடம் விரியும். சுமேரியமும் ஓரளவு கற்றாக வேண்டும். ஜெர்மன் மொழியும் வேண்டும். ஃபொன் ஸோடன் 1952இல் எழுதிய பேரிலக்கணமும், 1981இல் நிறைவெய்திய அவருடைய மூன்று தொகுதி அகராதியும் ஜெர்மனிலேயே உள்ளன. ஆங்கிலத்தில் கற்போருக்கு ஹூனெர்கார்ட் 1997இல் வெளியிட்ட பாடநூல் கைகொடுக்கிறது.

இப்பாடநூலை நஹ்வும் ஸர்ஃபும் பயின்ற ஒருவர் திறந்தால் நேரும் அனுபவம் வேறு. 'வீடு' என்ற சொல் எழுவாயாக நின்றால் பீத்தும், ஜர்ரு பெற்றால் பீத்திம், நஸ்பு பெற்றால் பீத்தம். அரபில் பைத்துன், பைத்தின், பைத்தன். தன்வீனின் நூனுக்குப் பதில் மீம் நிற்கிறது என்பதைத் தவிர இஃராபில் வேறுபாடு இல்லை. இரு கண்கள் என்பதற்கு ரஃப்உவில் ஈனான், மற்ற இடங்களில் ஈனீன். நம் ஐனானி, ஐனைனி. வினைகளிலும் அப்படியே. நாம் ஃப-அ-ல என்ற மூன்றெழுத்தைக்கொண்டு வாய்பாடு சொல்வதைப்போல அவர்கள் ப-ர-ஸ (வெட்டுதல், பிரித்தல்) என்ற மூன்றெழுத்தைக்கொண்டு சொல்கிறார்கள். நடு எழுத்து இரட்டித்தால் நம் தஃப்ஈல். முன்னால் நூன் சேர்ந்தால் இன்ஃபிஆல். முதலெழுத்தை அடுத்துத் தா நுழைந்தால் இஃப்திஆல். பிறவினைக்கு அவர்கள் ஷீனைச் சேர்க்கிறார்கள், நாம் ஹம்ஸாவைச் சேர்க்கிறோம். நம் இஸ்தஃப்அல வாய்பாட்டில் காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும் ஸீன், அந்தப் பழைய பிறவினை எழுத்தின் எச்சமே என்று ஒப்பிலக்கண அறிஞர் கருதுவர்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பளித்தது 'லம்' பற்றிய செய்தி. முளாரிஃ நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் குறிக்கும் என்று கற்பிக்கிறோம். அதன்முன் லம் வந்தால் இறுதி எழுத்து ஸுகூன் பெறும், பொருளும் இறந்தகால மறுப்பாகிவிடும். லம் யக்துப் என்றால் அவன் எழுதவில்லை. ஏன் இப்படி? லம் என்பது 'ஹர்ஃபு நஃப்யின் வஜஸ்மின் வகல்பின்', மறுத்து, ஜஸ்மு செய்து, காலத்தையும் புரட்டிவிடும் இடைச்சொல் என்று இலக்கண ஆசிரியர்கள் விளக்கம் தந்தனர். பாடம் நடத்துவதற்கு அது போதுமானதே. ஆனால் அக்காதியத்தில் 'இப்ருஸ்' என்ற வடிவத்தைப் பாருங்கள். முதலில் இருந்த யா ஒடுங்கி இகரமாகியிருக்கிறது. இறுதி எழுத்து ஸுகூன். நம் யஃப்உல் என்ற மஜ்ஸூம் வடிவத்தின் அச்சு இது. அதன் பொருளோ 'அவன் வெட்டினான்' என்னும் இறந்தகாலம். எந்த இடைச்சொல்லின் உதவியும் அதற்குத் தேவையில்லை. ஆகவே லம் காலத்தைப் புரட்டவில்லை. தொல்பழங்காலத்தில் தன்னளவிலேயே இறந்தகாலமாக இருந்த ஒரு வடிவத்தை லம் தன் நிழலில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. பிற இடங்களிலெல்லாம் மாளீ வந்து அதன் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஏவலுக்கு நாம் லாமுல் அம்ரைச் சேர்த்து லியக்துப் என்பதுபோல, அக்காதியரும் அதே வடிவத்தின்முன் லாமைச் சேர்த்து 'லிப்ருஸ்' என்கிறார்கள். ஸீபவைஹியின் விளக்கத்தைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவரிடம் அரபு மட்டும் இருந்தது. அதற்குள் நின்று சொல்லக்கூடியதை அவர் முழுமையாகச் சொல்லிவிட்டார்.

தொடக்கத்தில் கண்ட ஐந்து சொற்களுக்குத் திரும்புவோம். அவற்றில் கண், மூக்கு, காது, பல் ஆகிய நான்கும் ஒரே சட்டப் பிரிவில் சேர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. இன்று பாக்தாத் நகருக்குள் அடங்கிவிட்ட தல் ஹர்மல் என்னும் மேட்டில், 1945 முதல் இராக்கியத் தொல்பொருள் துறையினர் தாஹா பாகிர் தலைமையில் அகழாய்வு நடத்தினர். அங்கே கிடைத்த இரண்டு பலகைகளில் எஷ்னுன்னா அரசின் சட்டங்கள் இருந்தன. அவை ஹம்முராபியின் சட்டங்களுக்குச் சற்று முற்பட்டவை. சுமார் 60 பிரிவுகள் கொண்டவை. அவற்றில் 42ஆம் பிரிவு, ஒருவன் மற்றொருவனின் மூக்கைக் கடித்துத் துண்டித்தால் ஒரு மினா வெள்ளி, கண்ணுக்கு ஒரு மினா, பல்லுக்கு அரை மினா, காதுக்கு அரை மினா, கன்னத்தில் அறைந்தால் 10 ஷிக்லும் என்று ஈடு நிர்ணயிக்கிறது. ஒரு மினா என்பது 60 ஷிக்லும், ஏறத்தாழ அரைக் கிலோ வெள்ளி. ஷிக்லும் என்பது நம் மிஸ்காலின் உறவுச்சொல். நிறுத்தல் என்பதே மூலம். எடையளவு மட்டும் வேறு.

நம் ஃபிக்ஹு நூல்களின் தியத் அத்தியாயத்தைப் பயின்றவர் இப்பிரிவைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. மூக்கு முழுவதும் துண்டிக்கப்பட்டால் முழுத் தியத்தான 100 ஒட்டகங்கள், ஒரு கண்ணுக்கு 50, ஒரு பல்லுக்கு 5 என்று அங்கே படிக்கிறோம். இரு பட்டியல்களும் ஒரே வகையான சட்டச் சிந்தனையைச் சேர்ந்தவை. கணக்கு மட்டும் ஒன்றன்று. எஷ்னுன்னாவில் பல்லும் காதும் சம விலை. நம்மிடம் காதுக்கு 50 என்பது பெரும்பான்மை ஃபுகஹாக்களின் முடிவு. அறைக்கு நிர்ணயத் தொகை என்று எதுவும் இல்லை.

எஷ்னுன்னாவுக்குப் பின் வந்த ஹம்முராபி (கி.மு. 1792–1750) ஈட்டை நீக்கிக் கண்ணுக்குக் கண் என்றார். ஆனால் அது சம தகுதியுள்ள இரு பெருங்குடியினருக்கிடையே மட்டும். அதற்கடுத்த தரத்தவனின் கண்ணைப் பறித்தால் ஒரு மினா வெள்ளி போதும். அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி. சுதந்திரமானவர்களுக்குள் இத்தகைய தரப்பிரிவை இஸ்லாமியச் சட்டம் ஏற்கவில்லை. அடிமை விஷயத்தில் ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மன்னிப்பைத் தர்மமாகவும் பாவப் பரிகாரமாகவும் உயர்த்திக் காட்டும் மாயிதா வசனத்தின் பிற்பகுதிக்கு, பாபிலின் சட்டப் பலகைகளில் இணை கிடையாது.

அந்த இரண்டாம் தரத்தவனுக்குப் பாபிலில் வழங்கிய பெயர்தான் நம் கவனத்துக்குரியது. அவன் 'முஷ்கேனும்'. குனிந்து வணங்குபவன் என்பது சொற்பொருள். இச்சொல் ஆராமிக்குள் சென்று, அங்கிருந்து அரபில் 'மிஸ்கீன்' ஆயிற்று. நம் அகராதிகள் இதை ஸ-க-ன என்ற மூலத்தின்கீழ் வைத்து, வறுமையால் அசைவற்றுப் போனவன் என்று காரணம் கூறும். ஸகாத் பெறுவோர் பட்டியலில் ஃபகீர், மிஸ்கீன் ஆகிய இருவரில் அதிக வறியவர் யார் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் மாறுபடுவதை வாசகர் அறிவர். ஓரளவு உடைமை இருந்தும் போதாதவரே மிஸ்கீன் என்ற ஷாஃபிஈ தரப்புக்கு, அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் மிஸ்கீன்களுக்குச் சொந்தமாக மரக்கலம் இருந்ததே ஆதாரம். எஷ்னுன்னாச் சட்டத்தின் முஷ்கேனுமுக்கும் வயல், வீடு, மாடு, கழுதை எல்லாம் இருந்தன! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சொற்பொருள் ஃபிக்ஹுப் பிரச்சினையைத் தீர்த்துவிடாது என்பது உண்மைதான். ஆயினும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த நண்பர்கள் இச்செய்தியைக் கேட்டு மகிழ்வதை நான் தடுப்பதில்லை.

இங்கே ஓர் அச்சம் எழக்கூடும். இறைவேதத்தின் சொற்களுக்குப் பாபிலில் வேர் தேடுவது எங்கே கொண்டுபோய் விடும்? இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1902இல் ஃப்ரெட்ரிக் டெலிட்ஷ் என்ற அக்காதியப் பேராசிரியர், ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மின் முன்னிலையில் 'பாபிலும் பைபிளும்' என்று சொற்பொழிவாற்றி, பைபிளின் செய்திகள் பல பாபிலிலிருந்து வந்தவை என்று வாதிட்டார். யூதரும் கிறிஸ்தவரும் கொதித்தெழுந்தனர். மொழி ஆராய்ச்சியைச் சமயத் தாக்குதலுக்கு ஆயுதமாக்கியது அவருடைய பிழை. ஒப்புமை கண்ட இடமெல்லாம் கடன் என்று தீர்ப்பளித்தது அதைவிடப் பெரிய பிழை. ஐன் என்ற சொல்லை அரபு எவரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. ஒரு தாயின் இரு மகள்களிடம் ஒரே சாயல் இருப்பதைப் போன்றது அது. மிஸ்கீன் வேறு வகை. அது கைமாறி வந்த சொல். இரண்டையும் பிரித்தறியும் முறை இத்துறையில் திட்டமாக உண்டு. உறவுச்சொல்லில் ஒலிமாற்றங்கள் விதிப்படி நிகழ்ந்திருக்கும். கடன்சொல்லில் வந்த வழியின் தடம் இருக்கும்.

கைமாறி வந்த சொற்களைப் பற்றியும் நம் இமாம்கள் என்றோ விவாதித்து முடித்துவிட்டார்கள். திருக்குர்ஆனில் அரபல்லாத சொல் இல்லை என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அழுத்தமாக நிறுவினார்கள். சில சொற்கள் பிறமொழி மூலம் உடையவை என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) முதலானோரிடமிருந்து அறிவிக்கப்படுகிறது. ஒரே சொல் பல மொழிகளிலும் பொதுவாக அமைந்திருக்கலாம் என்றார் தபரீ (ரஹ்). அபூஉபைத் அல்காஸிம் பின் ஸல்லாம் (ரஹ்) இரு தரப்பையும் இணைத்தார்: அவை மூலத்தில் பிறமொழிச் சொற்கள், அரபியர் நாவில் புழங்கி அரபாகிவிட்ட பின்னரே வேதம் அருளப்பட்டது, எனவே இரு சாராரும் சொன்னது உண்மை. ஸுயூத்தீ (ரஹ்) இச்சொற்களுக்கென்றே தனி நூல் தொகுத்தார். அவருடைய காலத்தில் அறிய முடியாமலிருந்தது சில சொற்களின் முந்திய ஊர் மட்டுமே. நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் 'தன்னூர்' என்பதை ஃபார்ஸிச் சொல் என்று பழைய ஆசிரியர்கள் கருதினர். பாரசீகர் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு முன்பே அது பாபிலில் 'தினூரு' என்று வழங்கியிருக்கிறது. இன்று உணவகங்களில் நாம் கேட்டு வாங்கும் தந்தூரி ரொட்டியும் அந்த அடுப்பில் சுட்டதுதான்.

இத்தகைய சொற்களை ஆராய்ந்து, அரபகராதிகள் 'அந்நியம்' என்று ஒதுக்கியவற்றில் பல உண்மையில் இராக்கின் பழஞ்சொத்து என்று 1980இல் ஒரு நூல் எழுதியவர், மேலே குறிப்பிட்ட அதே தாஹா பாகிர் (1912–1984). அவரும் ஃபுஆத் ஸஃபரும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1930களின் இறுதியில் நாடு திரும்பினர். 1945இல் 'ஸூமர்' ஆய்விதழ் தொடங்கப்பட்டது. கில்காமிஷ் காவியத்தை மூலத்திலிருந்து நேரே அரபில் பெயர்த்து 1962இல் வெளியிட்டதும் தாஹா பாகிர்தான். பாக்தாதிலும் மோஸுலிலும் அரபைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் அக்காதியம் கற்கும் ஒரு தலைமுறை உருவானது. துருக்கியில் இதே பணி வேறு வழியில் நடந்தது. யூதர் என்பதற்காக 1935இல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட பென்னோ லாண்ட்ஸ்பெர்கரை அங்காரா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 1948 வரை அவர் அங்கே கற்பித்தார். அனத்தோலியாவின் குல்தெபேயில் கிடைத்த அஸ்ஸிரிய வணிகர்களின் 20,000க்கு மேற்பட்ட பலகைகளைப் படிப்பதில் துருக்கிய அறிஞர் பலர் ஈடுபட முடிந்ததற்கு அவர் இட்ட அடித்தளமும் ஒரு காரணம்.

இராக்கின் பள்ளி நொறுங்கியது. 1986இல் பாக்தாத் பல்கலைக்கழகத்தின் வலீத் அல்ஜாதிர் குழுவினர், ஸிப்பர் நகரக் கோயிலில் மாடக்குழிகளில் அடுக்கியபடியே இருந்த ஒரு நூலகத்தைக் கண்டெடுத்தனர். பலகைகள் வைத்த இடத்திலேயே இருந்த நூலகம் கிடைப்பது மிக அரிது. நான்கே ஆண்டுகளில் போரும் பொருளாதாரத் தடையும் வந்தன. ஆசிரியர்கள் சிதறினர். 2003 ஏப்ரலில் அந்நியப் படைகள் நகருக்குள் நுழைந்தபோது இராக் அருங்காட்சியகம் காவலின்றி விடப்பட்டு, ஏறத்தாழ 15,000 பொருட்கள் கொள்ளைபோயின. 2015இல் மோஸுல் அருங்காட்சியகத்தின் சிலைகளையும் நிம்ரூத் அரண்மனையையும் தகர்த்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தார்கள். மதாயினை வென்ற ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கிஸ்ராவின் மாளிகையில் தொழுகை நடத்தினார்கள் என்றும், அங்கிருந்த சுண்ணச் சிற்பங்களை அப்படியே விட்டுவிட்டார்கள் என்றும் தபரீ எழுதியிருக்கிறார். அந்த நபித்தோழரைவிட இவர்கள் ஏகத்துவத்தை நன்கு விளங்கியவர்களா?

இழந்தவற்றில் சில திரும்பி வருகின்றன. 2011இல் ஸுலைமானிய்யா அருங்காட்சியகம் வணிகர்களிடமிருந்து வாங்கிய பலகைகளில் ஒன்றை இராக்கிய அறிஞர் ஃபாரூக் அர்ராவீ கில்காமிஷ் காவியத்தின் ஐந்தாம் பலகை என்று இனங்கண்டார். அவரும் லண்டன் பேராசிரியர் ஆண்ட்ரூ ஜார்ஜும் 2014இல் அதை வெளியிட்டபோது, அதுவரை எவரும் அறியாத சுமார் 20 வரிகள் காவியத்தில் சேர்ந்தன. 2021இல் அமெரிக்கா சுமார் 17,000 பழம்பொருட்களை இராக்கிடம் ஒப்படைத்தது. அவற்றுள் ஆப்பெழுத்துப் பலகைகள் ஏராளம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் சுமார் 1,30,000 பலகைகளும் துண்டுகளும் உள்ளன. உலகெங்கும் படிக்கப்படாமல் கிடப்பவையே மிகுதி. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களின் தொகையோ மிகச் சிறியது.

நம் அரபுக் கல்லூரிகள் அக்காதியத் துறை தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உள்ள பாடங்களை நடத்தவே ஆசிரியர் போதாத நிலை. ஏழாண்டுகள் நஹ்வும் ஸர்ஃபும் பயின்று, பின்னர் பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடிக்கும் மாணவர்களில் மொழியார்வம் மிக்க ஓரிருவருக்கேனும் இப்படி ஒரு துறை உண்டு என்ற செய்தி சென்று சேரவேண்டும் என்பதே என் எண்ணம். மற்றவர் ஓராண்டு உழைத்துப் பெறும் இலக்கண உணர்வில் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் அவர்கள் தனியே தேடிக்கொள்ள வேண்டியவை. நூல்களுக்குக் குறைவில்லை. 1921இல் தொடங்கி 2011இல் நிறைவுற்ற சிகாகோ பல்கலைக்கழகத்தின் அஸ்ஸிரிய அகராதி 21 தொகுதிகளைக் கொண்டது. அப்பல்கலைக்கழகமே அதனை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. மகர வரிசைக்குரிய தொகுதியின் இரண்டாம் பகுதியில் 'முஷ்கேனு' என்ற பதிவைத் தேடி எடுத்தால், அச்சொல் எஷ்னுன்னாவிலும் பாபிலிலும் எந்தெந்தப் பலகைகளில் என்னென்ன பொருளில் வருகிறது என்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் காணலாம்.